ஒரு வக்து தூரம்

“சம்பளம் கெடக்கட்டும். ஏரோப்ளேன்ல எத்தினி வக்து?”

கேட்டுக்கொண்டே கைருன் பீவி இடியாப்ப அச்சை அழுத்துகிறார். எதிரே தூக்குவாளியோடு நிற்பவளுக்கு முகம் சுண்டிப்போகிறது. மகனுக்கு பஹ்ரைனில் வேலை கிடைத்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைத் தெருவில் வீடு வீடாக இறக்கிவைத்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்திருக்கிறாள். “காத்தால இன்னா மாமி கேள்வி இது?” என்கிறாள். “காத்தால கேட்டா இன்னா, அந்தியில கேட்டா இன்னா? தெரிஞ்சி வெச்சிக்க வாணாமா?” என்கிறார் கைருன் பீவி. பக்கத்தில் நிற்கும் யாரோ அஞ்சு மணி நேரத்துக்குள்ள என்கிறார்கள். “அப்ப ஒரு வக்துக்குக் கொஞ்சம் மேல. பரவால்ல, போவட்டும்” என்று சொல்லி, கணக்குக்கு மேல் இரண்டு இடியாப்பம் வைத்து மூடுகிறார். அதுதான் அவருடைய வாழ்த்து.

வக்து என்றால் தொழுகை நேரம். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கும் நடுவில் உள்ள பொழுதைத்தான் கைருன் பீவி ஒரு வக்து என்கிறார். அவர் வீட்டில் கடிகாரம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் பெரிதாக ஒன்று தொங்குகிறது, ஓடவும் செய்கிறது. அவர் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி கால் வக்து. பாரிமுனை முக்கால் வக்து. மீஞ்சூர் கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட்டால் அதைக் கேட்கவே வேண்டாம். பக்கத்துக் கோட்டைக்குப்பம் ஒரு தஸ்பீஹ் தூரம். மணிமாலையை ஒரு சுற்று உருட்டி முடிப்பதற்குள் நடந்து போய்விடலாமாம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் ஒரு வக்து. ஜித்தா ஒன்றரை. “லண்டன், அமெரிக்காலாம் என் கணக்குலயே வராது. அங்க போனவங்க போனவங்கதான்” என்பார்.

இவர் விமானத்தில் ஏறியதில்லை. ஏறும் ஆசையும் இல்லை. ஏரிக்கு மேலே விமானம் போகும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும். இவர் மாவைப் பார்த்தபடியே இருப்பார். ஆனாலும் இந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது, அங்கிருந்து மீனம்பாக்கம் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காரணம் இருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் பெண்கள் யாராவது இறந்தால், மையத்தை, அதாவது உடலை, குளிப்பாட்டிக் கபன் என்னும் வெள்ளைத் துணி உடுத்தி அனுப்பிவைப்பவர் கைருன் பீவிதான். காலையில் இடியாப்பம் பிழைப்பு. இது பிழைப்பு இல்லை. யார் வீட்டிலும் ஒரு தேநீர்கூடக் குடிக்க மாட்டார்.

இறந்தவரைத் தாமதிக்காமல் அடக்கிவிட வேண்டும் என்பது மார்க்கம். கடல் தாண்டிப் போன பிள்ளை கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டும் என்பது பெற்ற வயிறு. வைத்திருக்கலாமா, எடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு வரும்போது, பெண் மையத்தாக இருந்தால் எல்லாரும் கைருன் பீவியின் வாயைத்தான் பார்ப்பார்கள். உடம்பைப் பார்ப்பார், வெயிலைப் பார்ப்பார், எத்தனை வக்து என்று கேட்பார், சொல்லிவிடுவார். ஜமாஅத் பெரியவர்களும் அதற்குமேல் பேசியதில்லை.

குளிர்பதனப் பெட்டி என்று ஒன்று வந்துவிட்டதே என்று நானே ஒருமுறை கேட்டேன். நான் பொன்னேரியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். இந்தத் தெருவில் வாடகைக்கு வந்து நாலு வருடமாகிறது. நிவேதா என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. கைருன் பீவி அதை இதுவரை உபயோகித்ததில்லை. “இங்க பாரு பேங்கு,” என்றார், “மீன ஐஸ்ல வெக்கிறது விக்கிறதுக்கு. மனுசிய எதுக்கு வெக்கணும்? கை காலெல்லாம் வெறச்சிப் பூடும். மடக்க வராது, நீட்ட வராது. பெத்த பொண்ணு வந்து தொட்டா சில்லுனு அடிக்கும். அந்தத் தொடல் அவ சாவுற வரைக்கும் கையில நிக்கும்.”

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உருவம். கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல் பெரியவை. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். வளையல் போடுவதில்லை, மோதிரம் இல்லை. “அதுங்களுக்குக் கீறும்” என்பார். அதுங்க என்றால் யார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. ஒரே மகன் அனஸ் ஜித்தாவில் லாரி ஓட்டுகிறான். “எனக்கு ஒண்ணுன்னா அவனுக்காக வெக்காதீங்க. வந்து மண்ண பாத்துட்டுப் போவட்டும்” என்று பள்ளிவாசலில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். சொல்லும்போது குரல் இறங்கவில்லை என்கிறார்கள். எனக்கென்னவோ அதை நம்ப முடியவில்லை.

உடம்பு சரியில்லாதவர்கள் வீட்டுக்குள் கைருன் பீவி நுழைய மாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி வந்து இறங்கினால், தெருமுனையில் நின்று போகிற வருகிறவர்களிடம்தான் விசாரிப்பார். இடியாப்பத்தைக்கூட வேறு கையில் கொடுத்தனுப்புவார். “என்னைப் பாத்தா அவளுக்குக் கபன் துணி ஞாபகம் வரும். எதுக்கு வம்பு?” அதுவே அவள் இறந்துவிட்டால் கைருன் பீவியைப் பார்க்க வேண்டும். உள்ளே கூடமாட நிற்கும் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். மையத்தோடு பேசிக்கொண்டேதான் குளிப்பாட்டுவாராம். “கொஞ்சம் இந்தாண்ட சாஞ்சிக்க கண்ணு… அப்டித்தான்… மாத்திரைய ஒழுங்கா போடுன்னு எத்தினி வாட்டி சொல்லி அனுப்பினேன், கேட்டியா நீ?” தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்ப்பாராம், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பதுபோல.

மேலே எழுதியதெல்லாம் இந்தத் தை மாதம் வரைக்கும் இருந்த கைருன் பீவி.

எங்கள் தெருவில் ஜெகபர் அலி என்று ஒரு நண்டு வியாபாரி இருக்கிறார். ஏரியில் பிடிக்கும் பெரிய நண்டுகளைக் கோட்டைக்குப்பத்துக்காரர்களிடம் வாங்கி, கால் கட்டி, ஈரச் சாக்கில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புவார். அவை அங்கிருந்து விமானம் ஏறிவிடும். அவருடைய மனைவி ஜுலைகா பீவியும் கைருன் பீவியும் சேர்ந்து ஓதப் போனவர்கள், சேர்ந்து வம்பளந்தவர்கள். ஜுலைகாவுக்கு அஸ்லம் என்று ஒரு மகன், அர்ஃபா என்று ஒரு மகள். அர்ஃபாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து வரன் வந்தது. பையன் அங்கே உணவகம் வைத்திருக்கிறான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜுலைகா மட்டும் பிடி கொடுக்கவில்லை. “நான் கண்ண மூடுனா எம்பொண்ணு வந்து பாக்க வாணாமா?” என்று ஒரே அழுகை. சமாதானம் பண்ணியது கைருன் பீவிதான். “அடியே, ஒரு வக்து தூரம்டீ. இங்க இருந்து திருச்சிக்குப் போறத விட சீக்கிரம் வந்துடுவா. உனக்கு ஒண்ணுன்னா அவ வர்ற வரைக்கும் நான் வெச்சிருக்கேன், போதுமா?” என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் ஜுலைகா பெண்ணைக் கொடுத்தாள் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

ஜுலைகாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, உடம்பெல்லாம் நீர் கோத்துப்போயிருந்தது. தை மாதத்தில் ஒருநாள் அதிகாலை பஜர் தொழுகை முடிந்த கையோடு மூச்சு நின்றது. அன்று வங்கியில் தணிக்கை. நான் விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸில் போய்விட்டேன். காலையில் நடந்ததை எனக்கு வரி விடாமல் சொன்னவள் மணியம்மாள். கோட்டைக்குப்பத்துக்காரி, தினமும் ஜெகபர் அலி வீட்டுக்கு நண்டு கொண்டுவந்து கொடுப்பவள். அன்றும் கூடையோடு வந்தவள், கூடையை வேலியோரம் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அஸ்லம் தங்கைக்குப் போன் போட்டிருக்கிறான். போனில் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டதாம். அப்புறம் அர்ஃபா சொன்னாளாம்: “டிக்கெட் கெடைச்சிருச்சு காக்கா. லுஹர் தொழுதுட்டு ஏறிடுவேன். உம்மாவ வெச்சிருங்க.” போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

ஜெகபர் அலி கைருன் பீவியின் முன்னால் வந்து நின்றார். “லாத்தா, நான் கட்டி அனுப்புற நண்டு உசுரோட அங்க போய் எறங்குது. எம்பொண்ணுக்கு அவ உம்மா மொகம் கெடைக்குமா, கெடைக்காதா? நீயே சொல்லு” என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது மணியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆம்பள அப்டிக் கேட்டு நான் பாத்ததே இல்ல பேங்கும்மா.”

கைருன் பீவி உள்ளே போய் ஜுலைகாவின் காலை, வயிற்றை, கழுத்தை அமுக்கிப் பார்த்தார். வெளியே வந்து விரல் மடக்கினார். லுஹர் தொழுதுவிட்டு ஏறுகிறாள், கிளம்பவே பாதிப் பொழுது போய்விடும். விமானத்தில் ஒரு வக்து. இறங்குவதற்கே அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிவிடும். அங்கிருந்து பெட்டி, முத்திரை, ரோடு, மீஞ்சூர் கேட். “ராத்திரி இஷாவுக்கும் மேல ஆவும். ஒடம்பு மஃரிப் வரைக்கும் தாங்கும். இஷா வரைக்கும் தாங்காது. மொகமெல்லாம் ஊதி அலங்கோலமா பூடும். அந்த மொகத்த அவ பாக்க வாணாம். அஸருக்கு எடுத்துடுங்க.” சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்தவர், வெகு நேரம் எழுந்திருக்கவில்லையாம். தோழிக்குக் கொடுத்த வாக்கைத் தன் வாயாலேயே உடைத்த வேதனை. பிறகு எழுந்து, குளிப்பாட்டும் தண்ணீருக்கு இலந்தை இலையைக் காய்ச்சப் போட்டார்.

எனக்கு இந்த இடத்தில் ஆத்திரம் வருகிறது. அந்த வீட்டில் ஆளுக்கொரு போன் இருந்தது. எத்தனை மணிக்கு விமானம் என்று ஒரு நாக்கும் கேட்கவில்லை. அர்ஃபாவாவது மணி சொல்லியிருக்கலாம். அவளும் இந்தத் தெருவில் பிறந்தவள்தானே, லுஹர் என்றாள். கேட்டவர்களுக்கு அது நம்முடைய லுஹராகவே கேட்டது. இங்கே பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுது, வீட்டுக்கு வந்து சோறு தின்று கை கழுவும் லுஹர்.

கோலாலம்பூர் நமக்குக் கிழக்கே இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சூரியன் அங்கே போய்விட்டுத்தான் இங்கே வருகிறது. அங்கே லுஹர் பாங்கு சொல்லும்போது இங்கே பாங்கு சொல்லும் மோதினார் பள்ளிவாசலில் பாய்கூட விரித்திருக்க மாட்டார். நாம் தொழுது முடிப்பதற்குள் அவள் ஏறிய விமானம் பாதிக் கடல் தாண்டிவிட்டது. விமானத்தில் நாலு மணி நேரம் என்பது சரிதான். கைருன் பீவியின் ஒரு வக்துக் கணக்கில் பிழையே இல்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதில்தான் பிழை. இதுவரை மையத்துக்கு வந்தவர்கள் எல்லாம் இரவு விமானத்தில் ஏறி விடியலில் இறங்கியவர்கள். இறங்கிய பிறகு போன் பண்ணியவர்கள். பகலில் ஒருத்தி பறந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மதியம் எனக்குச் செய்தி கிடைத்து, அனுமதி கேட்டு, பஸ் பிடித்து வந்து இறங்கியபோது மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மையவாடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஜெகபர் அலி முன்னால் தோள் கொடுத்திருந்தார். கடைத்தெருவில் ஒரு சத்தம் இல்லை. ஏரிக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் ஓரமாக நின்றுவிட்டு ஜெகபர் அலி வீட்டுக்குப் போனேன்.

கைருன் பீவி கொல்லையில் குளிப்பாட்டிய இடத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மையத்தைக் கிடத்தியிருந்த பலகை சுவரில் சாய்ந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கற்பூர வாசனை. மணியம்மாள் மேலே சொன்னதையெல்லாம் சொல்லி முடித்ததும், லுஹர் என்றால் எந்த லுஹர் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அஸ்லம் வந்துவிட்டான்.

கைலியெல்லாம் மண். கையில் போனைப் பிடித்திருந்தான். தொழுகைக்குப் போகும்போது அணைத்த போனை மண் தள்ளி முடித்த பிறகுதான் போட்டிருக்கிறான். தங்கை வரிசையாகக் கூப்பிட்டிருந்தாள். அவனுக்கு, வாப்பாவுக்கு, மறுபடி அவனுக்கு.

“மாமி,” என்றான். “அவ மீஞ்சூர் தாண்டிட்டாளாம்.”

கைருன் பீவி நிமிர்ந்தார். “யாரு?”

“அர்ஃபா.”

“எந்த மீஞ்சூரு?”

“நம்ம மீஞ்சூருதான் மாமி. எத்தினி மீஞ்சூர் இருக்குது?” அவன் குரல் உடைந்துவிட்டது. “இஷான்னு சொன்னீங்களே. இஷாவுக்கு மேலதான்னு அடிச்சி சொன்னீங்களே மாமி!”

“சொன்னேன் வாப்பா” என்றார் கைருன் பீவி.

துடைப்பம் கையிலேயே இருந்தது. வாசலில் இருந்த பெரியவர் ஒருவர் எட்டிப்பார்த்து, “அல்லாஹ் நாடினது அவ்ளோதான்மா. நம்ம கையில இன்னா இருக்குது?” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கைருன் பீவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். “அல்லா மேல போடாதீங்க பாய். கணக்கு நான் போட்டது.”

பிறகு என்னைக் கூப்பிட்டார். “பேங்கு, நீ சொல்லு. லுஹர் தொழுதுட்டு ஏறுனவ மஃரிபுக்கு முந்தியே மீஞ்சூர எப்படி தாண்டுவா?”

“அங்க நமக்கு முன்னாடியே லுஹர் வந்துடும் மாமி. சூரியன் அங்க மொதல்ல உச்சிக்குப் போயிட்டு அப்புறம்தான் இங்க வருது.”

“சூரியன் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான் மாமி. அவங்க ஊருக்கு முந்தி, நம்ம ஊருக்குப் பிந்தி.”

அவர் சுவரில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தார். “அப்ப அவ ஏறசொல்லோ நான் இங்க எல காய்ச்சிக்கினு இருந்தேன்.”

“ஆமாம்.”

“மஃரிப் வரைக்கும் தாங்கும்னு நான்தான சொன்னேன். இதோ இன்னும் மஃரிபே ஆவல” என்றார். அவ்வளவுதான். அழவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொண்டிருந்தால் எங்களுக்குத் தேவலாம்போல் இருந்தது.

பெண்கள் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி வந்து தோளைத் தொட்டு, “நீங்க வூட்டுக்குப் போயிருங்க மாமி. அவ வந்தா இன்னா பேசுவாளோ, எப்படி பேசுவாளோ. நாங்க சொல்லிக்கிறோம்” என்றாள். போவதற்கு நியாயமான காரணமும் இருந்தது. மையத்தைக் குளிப்பாட்டியவர் வீட்டுக்குப் போய்த் தலை முழுகுவது வழக்கம். கைருன் பீவி அதில் ஒருநாளும் தாமதித்ததில்லை. அன்று அவர் அசையவில்லை. “அவ கேக்கணும். நான் நின்னு கேட்டுக்கணும்” என்று சொல்லி, ஈரச் சேலையோடு கூடத்துச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

கார் வந்து நின்றது. அர்ஃபா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கழற்றினாளா, காரிலேயே விட்டுவிட்டாளா தெரியவில்லை. அஸ்லம் போனில் அவளிடம் “வா” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான். மையவாடியிலிருந்து திரும்பித் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஜெகபர் அலி எழுந்து வந்து மகளின் தலையில் கை வைத்தார். அவள் கூடத்தைப் பார்த்தாள். நடுவில் யாரும் கிடத்தப்பட்டிருக்கவில்லை. கொல்லைக் கதவு வழியே பலகை தெரிந்தது.

“எங்க?” என்றாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். “காக்கா, உம்மா எங்க?”

கைருன் பீவிதான் முன்னால் வந்தார். “அடக்கிட்டோம் கண்ணு. அஸருக்கே எடுக்கச் சொன்னது நான்தான். நீ இஷாவுக்கு வருவேன்னு கணக்குப் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். வேற யாரையும் கேக்காதே, என்னைக் கேளு.”

அர்ஃபா அவரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். “ஒரு வக்துதான்னு நீங்கதானே உம்மாகிட்ட சொன்னீங்க! வெச்சிருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க! நான் வந்துட்டேனே மாமி, நான் சொன்ன மாதிரி வந்துட்டேனே!” பெண்கள் விலக்கப் போனார்கள். கைருன் பீவி வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த ஒல்லி உடம்பு உலுக்கிய உலுக்கலுக்கெல்லாம் அசைந்துகொடுத்துக்கொண்டு நின்றது. கடைசியில் அர்ஃபாவுக்கே கை ஓய்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுது அழுது சத்தம் அடங்கிய பிறகு, தலையைத் தூக்காமலே கேட்டாள். “மொகம் எப்படி மாமி இருந்துச்சு?”

கூடத்தில் இருந்த எல்லாரும் கைருன் பீவியைப் பார்த்தோம். குளிப்பாட்டும் இடத்தில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர் வைத்திருந்த விதி. நல்லதாக இருந்தாலும் சரி, பெற்ற பிள்ளை கேட்டாலும் சரி. அவர் சொன்னதாக இந்த ஊரில் ஒரு வார்த்தை கிடையாது. கைருன் பீவி அர்ஃபாவின் எதிரே முட்டி மடக்கி உட்கார்ந்து, அவள் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். இன்னும் முழுகாத, கற்பூரம் மணக்கும் வலது கையை அவள் நெற்றியில் வைத்தார். கை நெற்றியிலிருந்து இமைகளுக்கு இறங்கியது. இமைகளிலிருந்து மூக்கின் இரண்டு பக்கமும் வந்து, கன்னத்தைத் தடவி, உதட்டை ஒட்டிப் போய், காதோரம் ஒதுங்கி, தாடைக்குக் கீழே வந்து நின்றது. அவசரமில்லாமல், அன்று ஜுலைகாவின் முகத்தில் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே போகிறது என்று எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அர்ஃபா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி நெற்றியிலிருந்து தாடை வரைக்கும். மறுபடியும். மையத்தின் முகத்தைக் கழுவுவது மூன்று முறைதான். கைருன் பீவியின் கை நாலாவது முறையாக நெற்றிக்குப் போனது.